கோச் வோல்க்கரின் அப்புக்காத்து

கோச் வோல்க்கரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள் என்ற செய்தியை இந்திரகுமார் ஆஸ்பத்திரித் தேநீர் அறையில் நின்றபடி, வாய்க்குள் பாதி இடியப்பத்தோடு வாசித்தார். விழுங்க மறந்துபோனார். சிட்னியில் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால். அமெரிக்காவில் திங்கட்கிழமை பின்னேரம். சோளக்காட்டுக்கு நடுவே கிடக்கிற ஹாலோவே ஸ்டேட் என்ற கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி சனிக்கிழமை முப்பத்தொரு புள்ளியால் தோற்றிருந்தது. அதுதான் சாட்டு. பதினொரு வருடம் பிள்ளைகளைப் பழக்கிய மனுசியை ஒரே ஒரு பத்தி அறிக்கையில் வழியனுப்பிவிட்டார்கள். கடைசி வரியில் சேவைக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அந்தக் கல்லூரியை இந்திரகுமார் கண்ணால் கண்டதில்லை. மனுசன் அடிப்படையில் கிரிக்கெட் ஆள். மகள் யாமினி ஆறடியைத் தாண்டி வளரும் வரைக்கும் கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது. போன வருடம் கோச் வோல்க்கர் நேரே சிட்னிக்கே வந்தார். வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, இந்திரகுமாரின் மனுசி தனேஸ்வரி பொரித்த கட்லட்டில் ஆறைச் சாப்பிட்டார். பிள்ளைக்கு நாலு வருடப் புலமைப்பரிசில் தருகிறேன் என்றார். நவம்பரில் கையெழுத்தும் ஆயிற்று, வருகிற ஆகஸ்டில் பயணம். ஜனவரியில் பயிற்சியின்போது யாமினியின் இடது முழங்காலில் சவ்வு கிழிந்து சின்னதாக ஒரு ஒப்பரேஷன் நடந்தது. அவளே வோல்க்கருக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னாள். மனுசி அசையவில்லையாம். இது நமக்குள் இருக்கட்டும், நீ வா, இங்கே எங்கள் டொக்டர்மார் பார்ப்பார்கள், உன் இடம் உன் இடம்தான் என்றாராம். எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த வாயைத்தான் இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்திரகுமார் அந்த இடத்திலேயே போனில் ஹாலோவே இரசிகர் தளத்தைத் திறந்தார். அங்கே திருவிழா. பத்து நிமிடத்துக்குள் முந்நூறு பதிவு விழுந்திருந்தது. ஒருத்தர் பட்டாசுப் படம் போட்டிருந்தார். அடுத்த கோச் யார், அவர் வந்தால் பழைய ஆள் பிடித்து வைத்த பிள்ளைகளில் எவர் எவரை வைத்துக்கொள்வார், எவர் எவரைக் கழித்துவிடுவார் என்று ஆட்கள் பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். மூன்று பட்டியல்களில் யாமினியின் பெயர் கேள்விக்குறியோடு நின்றது. நாலாவதில் அவள் பெயரே இல்லை.

அந்தத் தளத்துக்குள் அவர் எப்படிப் போய் விழுந்தார் என்று சொல்லவேண்டும். டிசம்பரில் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றது. வோல்க்கரைத் துரத்து என்று இரசிகர்கள் கத்தத் தொடங்கினார்கள். அவருக்கு ஆள் பிடிக்கத் தெரியாது, சொந்த ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடல் கடந்து போய் யாரும் பார்த்திராத நெட்டைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று எழுதினார்கள். வாசித்துக்கொண்டு சும்மா இருக்க இந்திரகுமாரால் முடியவில்லை. கணக்குத் திறந்தார். தகப்பன் என்று தெரிந்தால் பிள்ளைக்குத்தானே கேவலம்? அதனால் நன்றாக யோசித்தார். இந்த நாட்டில் ஆளைப் பிடிப்பது கடைசிப் பெயரை வைத்துத்தான். வங்கி, மெடிகெயார், ஆஸ்பத்திரி அடையாள அட்டை எல்லாவற்றிலும் அவர் மிஸ்டர் சிவலிங்கம். எனவே சிவலிங்கத்தை வெட்டிவிட்டு, வெறும் இந்திரகுமார் என்று பதிந்தார். தன் கெட்டித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்தும் கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் நன்றாகத்தான் எழுதினார். மரியாதைக்குரிய நண்பர்களே, பணிவுடன் மாறுபடுகிறேன் என்று தொடங்கி, எண், கணக்கு, பழைய ஆட்டங்கள் என்று ஒரு பிடி பிடிப்பார். சாமம் சாமமாக விழித்திருந்து படித்த மாதிரி அந்த அணியின் பதினொரு வருடக் கதையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குசினி மேசையில் இருந்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, "அப்புக்காத்து கோட்டுக்குப் போயிட்டார்" என்று வக்கீலாக்கித் தனேஸ்வரி பகிடி பண்ணுவாள். அந்தத் தளத்தில் ஒருத்தரை ஒருத்தர் தாய் தகப்பனை இழுத்துத் திட்டுவார்கள், கண்கொண்டு வாசிக்க ஏலாது. ஆனால் இந்திரகுமாரை மட்டும் ஒருத்தரும் திட்டியதில்லை. "நல்ல கருத்து, ஐயா" என்பார்கள். "நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எழுதுங்கள்" என்பார்கள். வாதத்துக்கு முன்னால் வாயடைத்துப் போகிறார்கள் என்று அவர் நம்பினார். இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேச்சுக்கு யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை என்பதும் உண்மைதான்.

அந்த மரியாதைதான் மனுசனைக் கவிழ்த்தது. மூன்று கிழமைக்கு முதல் ஒருத்தர், சிட்னிப் பிள்ளை மெத்தை மாதிரி, உறுதியில்லை, கடைசிக் காற்பகுதியில் களைத்துவிடுகிறாள், காணொளியில் பார்த்தேன் என்று எழுதினார். இந்திரகுமாருக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பிள்ளை போட்டியின் கடைசி இரண்டு ஆட்டத்தையும் கிழிந்த முழங்காலோடு ஆடியவள், ஒருவருக்கும் சொல்லவில்லை, பிறகு ஒப்பரேஷன் செய்து ஆறு கிழமையில் எழும்பி ஓடுகிறாள், இப்போது முழுச் சுகம், அப்படி ஒரு பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் காட்டுங்கள் என்று வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். எழுதி முடிய நெஞ்சு நிமிர்ந்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினெட்டு வருடமாக ஊரார் இரத்தத்தைப் பரிசோதிக்கிறவர். யாருடைய இரத்தத்தில் என்ன இருந்தது என்று கட்டின மனுசிக்குக்கூட ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆள்.

இடியப்பத்தை ஒருவழியாக விழுங்கிவிட்டு, வோல்க்கருக்காக ஒரு கடைசிப் பதிவு எழுதுவோம் என்று நினைத்தபோதுதான் தனிச்செய்தி ஒன்று வந்து கிடப்பதைக் கண்டார். தளத்தை நடத்துகிறவர் அனுப்பியிருந்தார். இளைப்பாறிய தபால்காரர், முப்பது வருடமாகப் பன்னிரண்டாம் வரிசையில் இருந்து ஆட்டம் பார்க்கிறவர். செய்தி சுருக்கமாகத்தான் இருந்தது. ஐயா, நீங்கள் யாமினியின் அப்பா என்பது எங்களுக்கு முதல் கிழமையே தெரியும். அவளுடைய கடைசிப் பெயரைத்தானே நீங்கள் வைத்திருக்கிறீர்கள். பிள்ளைக்காக வாதாடுகிற தகப்பனை ஒருத்தரும் நோகப் பண்ணக்கூடாது என்று அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவைத்தேன், ஒருத்தரும் மீறவில்லை. முழங்கால் பற்றி நீங்கள் எழுதியது இன்றுதான் என் கண்ணில் பட்டது. அழித்துவிட்டேன். ஆனால் அதற்கு முதலே படமெடுத்து வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். கல்லூரிக்காரரும் பார்த்திருப்பார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்திரகுமார் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். வெள்ளைக்காரருக்குக் கடைசிப் பெயர் பரம்பரை பரம்பரையாக வருவது. எங்கள் சனத்துக்குத் தகப்பன் பெயர்தான் பிள்ளையோடு போகும். சிவலிங்கம் அவருடைய அப்பா, அது அவரோடு நின்றுவிட்டது. யாமினியின் பாஸ்போட்டில், பள்ளிக்கூடச் சான்றிதழில், ஹாலோவே பட்டியலில், அவளுடைய பனியனின் முதுகில், எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது இந்திரகுமார். அதைப் போட்டுத்தான் மனுசன் ஒளித்திருக்கிறார். மூன்று மாதம், ஊர் முழுக்க ஆளை அடையாளம் கண்டுகொண்டு, பாவம் தகப்பன் என்று தலையாட்டிக்கொண்டிருக்க, இவர் நடுவில் நின்று மரியாதைக்குரிய நண்பர்களே என்று முழங்கியிருக்கிறார். பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நல்ல கருத்து, ஐயா. வெட்கம் காதுமடல் வரைக்கும் ஏறியது. அதற்குப் பிறகுதான் முழங்கால் என்ற சொல் முழுதாக உறைத்தது. அவர் முழுச் சுகம் என்று எழுதியதை இனி யாரும் இரசிகன் எழுதியதாக எடுக்கமாட்டார்கள். பெற்ற தகப்பனின் வாக்குமூலமாகத்தான் எடுப்பார்கள்.

தலையிடி என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்கே வெளிக்கிட்டார். வெஸ்ட்மீடிலிருந்து ரெயினில் ஒரே ஒரு தரிப்பு. அன்றைக்கு நடந்தே போனார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வசனம் அமைத்துப் பார்த்தார். மூன்று மாதமாக வந்த வசனம் இப்போது ஒன்றும் வரவில்லை.

வீட்டில் யாமினி குசினி மேசையில் இருந்தாள். விளையாட்டுச் சாமான் கடையில் அவளுக்குச் செவ்வாயில் வேலையில்லை. கண் சிவந்திருந்தது. தனேஸ்வரி கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு முதல் ஹாலோவேயிலிருந்து கோல் வந்ததாம். வோல்க்கரின் இடத்தில் இப்போதைக்கு நிற்கிறவராம். நல்ல மரியாதையாகத்தான் கதைத்தாராம். முழங்காலைப் புதிதாக ஸ்கான் எடுத்து இரண்டு கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் இடத்தைப் பற்றிப் பேசலாமாம். தனேஸ்வரி சொல்லிக்கொண்டே போனாள். கோச்சுக்கும் எங்களுக்கும் தவிர அது ஆருக்குத் தெரியும், ஆர் போய்ச் சொன்னது என்று கேட்டுவிட்டு, மகளைப் பார்த்தாள்.

"ப்ரீத்தி," என்றாள் யாமினி. "அவளுக்கு மட்டும்தான் நான் சொன்னனான். மெசேஜ் போட்டுட்டன். வீ ஆர் டன் எண்டு."

ப்ரீத்தியை இந்திரகுமாருக்கு அவளுடைய ஒன்பது வயதிலிருந்து தெரியும். சென்னைக்காரப் பிள்ளை, ஹோம்புஷில் வீடு. இரண்டும் ஒரே அணியில் வளர்ந்தவை. ஒப்பரேஷனுக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாள் தன் காரில் யாமினியைப் பிசியோவுக்கு ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான். படியில் இறங்கத் தோள் கொடுத்தவள். மேசையில் கிடந்த யாமினியின் போன் வெளிச்சம் காட்டியது. ப்ரீத்தி, ஏழு தவறிய அழைப்பு. யாமினி அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.

வாய் மூடி இருந்தால் போதும். யோசித்துப் பாருங்கள், அந்த நேரம் அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பழி போய் இன்னொரு பிள்ளையின் தலையில் தானாகவே விழுந்து கிடக்கிறது. தனேஸ்வரியும் நம்பிவிட்டாள். பதிவையும் அழித்தாயிற்று. அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம், இந்திரகுமார் அப்படி நின்று பார்த்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் பிறகு கனகாலம் தன்னையே திட்டிக்கொண்டார்.

"ப்ரீத்தி இல்லை," என்றார். "நான்தான் எழுதினனான்."

எல்லாவற்றையும் சொன்னார். தளம், பெயர், மெத்தை என்று எழுதியவர், பன்னிரண்டாம் வரிசைத் தபால்காரர், எல்லாம். தனேஸ்வரி தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "உங்களுக்கு விசரே?" என்று மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாமினி மேசையைப் பார்த்தபடி இருந்தாள். தகப்பன் மன்னிப்புக் கேட்டார். கல்லூரிக்காரரோடு கதைப்போம், ஸ்கானை நாளைக்கே எடுத்து அனுப்புவோம், முழுச் சுகம் என்று கண்ணால் கண்டால் அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள், உன் இடம் எங்கேயும் போகாது என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கினார். பழையபடி அப்புக்காத்து எழும்பிவிட்டார்.

"அப்பா, ஸ்டொப்," என்றாள் யாமினி. பிறகு தமிழில் சொன்னாள். "முழங்கால் இன்னும் மாறேல்லை. இப்பவும் நோகுது. ஸ்கான்ல தெரியத்தான் போகுது."

இந்திரகுமார் கேட்டது விளங்காதவர் மாதிரி அவளைப் பார்த்தார். ஓடுகிறாயே என்றார். ஓடினால் பிறகு நோகும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று தனேஸ்வரி கேட்டாள். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தவர் என்று மட்டும் சொன்னாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை, அதுதான் மனுசனைக் கொன்றது. "ப்ரீத்திக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ," என்று தன் போனைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். "நான் எடுத்தா அழுவன்."

இந்திரகுமார் இலக்கத்தை அழுத்தினார். மணி போனது. யாமினி எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டைத் திறந்தாள். மீன் பொதிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அவர்கள் இருவரும் ஒருநாளும் கண்டிராத ஒரு நீல ஐஸ் பொதியை அடியிலிருந்து உருவி எடுத்தாள். திரும்பி வந்து எதிர்க் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக் காற்சட்டையைச் சுருட்டினாள். இடது முழங்கால் வலதைப் போல இல்லை, கிண்ணமே தெரியாமல் வீங்கிப்போயிருந்தது. பொதியை வைத்து, துணிப்பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு கையால் இழுத்து முடிந்தாள். முடிச்சைப் பார்க்கவே இல்லை. கண் யன்னலுக்கு வெளியே இருந்தது. கை தன்பாட்டில் செய்தது.

"ஹலோ?" என்றது போன். அழுது அடைத்த குரல். "யாமினி? ஏன்டி எடுக்கல? நான் யார்கிட்டயும் சொல்லலடி. ஹலோ?"

இந்திரகுமார் வாயைத் திறந்தார். மகளின் விரல்கள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருந்தன.