ஹாஜியார் குடித்த தேநீர்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் யாருக்குத் தீங்கு செய்திருந்தாலும் மன்னிப்பு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நஸ்ருல்லோ அண்ணன் ஒரு வாரமாக வீடு வீடாக அலைந்தார். குருட்டுக் கழுதையை விற்றதற்கு ஒரு வீடு, தராசை விரலால் அமுக்கியதற்கு ஒரு வீடு. ஆள் கிளம்பினால் போதுமென்று எல்லாரும் மன்னித்தார்கள். என் சேவலைத் தின்றதற்கு நானும் மன்னித்துத் தொலைத்தேன்.

மிச்சம் சவ்ரிமோ அக்கா வீடு. உள்நாட்டுப் போரில் அக்கா புருஷன் சோபிரை, மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள்ளிருந்து துப்பாக்கிக்காரர்கள் இழுத்துப் போனார்கள். பிணம்தான் திரும்பி வந்தது. காட்டிக்கொடுத்தது யாரென்று எங்கள் வக்‌ஷ் ஆற்றங்கரையில் மாட்டுக்குக்கூடத் தெரியும். அண்ணன் மட்டும் வாய் திறந்ததில்லை.

விதவை வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் கல்கண்டுப் பொட்டலம். ஓர் உயிருக்குக் கல்கண்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா விரிப்பைப் போட்டு ரொட்டியைப் பிட்டு வைத்தாள். எனக்கு அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினாள். அதுதான் மரியாதை, இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு. அவருக்குத் ததும்பத் ததும்ப ஊற்றினாள்.

"குடிங்க ஹாஜியார்."

"இன்னும் போகவே இல்லையே தங்கச்சி... தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா..."

"என்ன தப்பு?"

"அதான்... ஏதாச்சும்."

"ஏதாச்சும்னா? குடிங்க."

விரல் சுடச் சுடக் குடித்தார். மன்னிப்பில்லாமல் எழுந்தால் ஹஜ் போச்சு. மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில் தேநீரை வேண்டாமென்றும் சொல்ல முடியாது. கெட்டில் காலியானது, அடுத்த கெட்டில் வந்தது. அண்ணன் இந்தக் காலை மடக்கினார், அந்தக் காலை மடக்கினார். முகமெல்லாம் வியர்வை.

"கொல்லைப் பக்கம் கொஞ்சம் போயிட்டு..."

"சொல்லிட்டுப் போங்க. என்ன தப்பு?"

"உனக்குத்தான் தெரியுமே!"

"எனக்குத் தெரியும். உங்க வாய்க்குத் தெரியலையே." மறுபடி ஊற்றினாள்.

நான் சிரிப்பை அடக்க ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டேன்.

"நான்தான்!" என்று கத்திவிட்டார். "நான்தான் கை காட்டினேன். என் முறையில வாய்க்கால் தண்ணிய அவன் திருப்பிட்டான்னு கோவம். ரெண்டு அடி போட்டு விட்ருவாங்கன்னு நெனச்சேன். அவன் என்னைப் பாத்துட்டான் சவ்ரி. பாத்துக்கிட்டேதான் போனான்."

பிட்ட ரொட்டியை விரிப்பில் திரும்ப வைத்தேன். தண்ணீருக்காகவா! அக்கா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு வைக்கோலுக்குள்ள கைய விட்டு அவருக்கு அரைக் கிண்ணம் குடுத்தேன். இன்னும் எடுத்துட்டு வர வீட்டுக்குள்ள போனேன். அதுக்குள்ள வந்துட்டாங்க." அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கொல்லைக்குப் போங்க," என்றாள்.

அந்தத் தொந்தி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிட்டியா தங்கச்சி?"

"இல்ல."

"அப்போ ஹஜ்?"

"போயிட்டு வாங்க, தடுக்க மாட்டேன். அங்க அல்லாஹ்கிட்ட கேளுங்க, குடுத்தா அது அவன் பாடு. திரும்பி வந்து இங்கயும் கேளுங்க."

"அப்போ குடுப்பியா?"

"மாட்டேன். ஆனா நீங்க கேக்கணும். வருஷா வருஷம் வந்து, இன்னைக்குச் சொன்னதச் சொல்லிக் கேக்கணும்."

அக்கா அவர் கிண்ணத்தை எடுத்து விளிம்புவரை ஊற்றி நீட்டினாள். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தார்.