கழுவி வந்த பெட்டி

பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ட்ராபெர்ரிகள் குளித்துவிட்டு வந்திருந்தன.

தோட்டத்தில் யாரும் இந்தப் பழத்தைக் கழுவ மாட்டார்கள். ஈரம் பட்டால் மறுநாளே பூஞ்சை பிடித்துவிடும். கழுவியவர் ஆய்வக மேலாளரின் அறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தின் சொந்தக்காரர், அவளுடைய கணவனின் அக்கா.

"இது புதுப் பறிப்பு. இதைப் பாரு, பழசை விட்டுடு," என்றார்.

பழசு என்பது சோதனைக்கு முதலில் வந்த பெட்டி, நாற்பத்தொன்றாம் எண். ஆய்வகத்தில் பழங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். யார் தோட்டம் என்று தெரியாமலே அவள் பச்சைக் குல்லாய்களைக் கிள்ளியெறிந்து, பழத்தை உறையவைத்து அரைத்து, பாதியைச் சோதித்திருந்தாள். மீதிப் பாதி முத்திரையோடு ஃப்ரீசரில் இருந்தது. பூச்சிமருந்து, அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. அறிக்கையை அச்செடுத்துக் கையெழுத்துப் போடப் போனபோதுதான் மேலாளர் கூப்பிட்டார். அறிக்கையோடு வந்து பார்த்தால், நாத்தனார்.

"பழைய வாடிக்கையாளர்மா," என்றார் மேலாளர். "ஐந்நூறு பெட்டி குளிர்கிடங்குல நிக்குது. புதுசைச் சோதிச்சுட்டு அதே எண்ணைப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஃப்ரீசர்ல இருக்கற பாதிக்குத் தெரியும் சார்."

நாத்தனார் மேலாளரைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கு வந்தப்போ வாயே திறக்க மாட்டா."

"பதினாலு வருஷமா நீங்க இடம் விடலையே அண்ணி."

மேலாளர் இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

"மருந்து அடிச்சு எத்தனை நாள்ல பறிச்சீங்க?"

"மழை வரும்னாங்க. விட்டிருந்தா அத்தனையும் அழுகியிருக்கும்."

"எத்தனை நாள் அண்ணி?"

"ரெண்டு."

"ஏழு நாள் பொறுக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு."

"டப்பாவா வந்து பறிக்குது?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "அதான் மூணு தண்ணியில அலசி எடுத்துட்டு வந்திருக்கேனே. இன்னும் என்ன?"

"இந்த மருந்து தோல்ல நிக்காது. செடி குடிச்சுடும். பழத்துக்கு உள்ள இருக்கு."

நாத்தனார் பெட்டியைப் பார்த்தார். பழங்கள் பளபளத்தன.

"ஒரு சீசன் போச்சுன்னா நான் எழுந்திரிக்க முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. அந்தத் தோட்டத்துக்காக நாத்தனார் யார் யாரிடம் போய் நின்றார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் பேனாவை எடுத்தாள்.

"ஏம்மா," என்றார் மேலாளர். "நீ போடலைன்னா வேற ஒருத்தர் போடுவார். நாளைக்கு உனக்கு இங்க மேசை இருக்கணுமா வேண்டாமா?"

"வேற ஒருத்தர் மறுசோதனை செய்யட்டும் சார். இனிமே நான் செய்யவும் கூடாது. ஆனா அவரும் அந்த ஃப்ரீசரைத்தான் திறக்கணும்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே எழுதினாள்: தோட்டக்காரர் என் உறவினர். சோதனை முடிந்த பிறகே அறிந்தேன். அவர் இன்று கொண்டுவந்த இரண்டாம் பெட்டி கழுவப்பட்டிருந்தது, ஏற்கவில்லை. தேதி, நேரம். இரண்டாவது கையெழுத்து.

மேலாளர் அதைப் படித்தார். முதல் கையெழுத்தை வைத்து ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். இரண்டாவது இருக்கும்வரை முடியாது. அவருக்கு இருமல் வரவில்லை.

நாத்தனார் எழுந்தார். "ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுத்துடாதே."

"வருவேன். அது என் மாமியார் வீடு."

கதவு வரை போனவரை அவள் கூப்பிட்டாள்.

"அண்ணி, பெட்டியை எடுத்துட்டுப் போங்க."

நாத்தனார் திரும்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"வழியில யாருக்கும் குடுத்துடாதீங்க," என்றாள்.