பலகையில் விழுந்த விமானம்

பல் கட்டுகிறவர் செய்த பொம்மை வயலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை விமானியின் காலடித் தடங்கள் தெரிந்தன. அவர் விமானி என்று எவரையும் செய்திருக்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் மென்றார்கள். பகலெல்லாம் அடுத்தவர் வாயோடு மாரடித்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து எட்டு மாதத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர் விமானத்தை ஒட்டி முடித்தார். அலமாரியைத் துடைக்கும்போது மனைவி அதைக் கீழே போட்டுவிட்டாள். வலது இறக்கை ஒடிந்தது, மூக்கு நசுங்கியது. இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே, "வயல்ல விழுந்து கிடக்கிற மாதிரி பண்ணிடுங்களேன்," என்றாள். அதுதான் அவர் அமைத்த முதல் காட்சி. சாப்பாட்டு மேஜையில் பலகையைப் போட்டு, பல் அச்சுக்கு வைத்திருந்த பிளாஸ்டரைக் குழைத்துப் பூசினார். காயவைத்த டீத்தூள் மண்ணாயிற்று. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு புதராயிற்று. விமானத்தை மூக்குக் குப்புற நட்டார். மனித முகம் தன் கைக்கு வராது என்று இருக்கையைக் காலியாக விட்டார்.

பத்து நிமிடத்தில் இறுக வேண்டிய பிளாஸ்டர் நாலு நாளாகியும் சேறாகவே கிடந்தது. அதில்தான் நொய்யரிசி அளவுத் தடங்கள், ஒரு காலை இழுத்து இழுத்து, பலகையின் விளிம்புவரை போயிருந்தன. மேஜைவிரிப்பில் அந்தச் சேற்றுக்கறையைப் பிடித்துக்கொண்டே போன மனைவி தன் தையல்பெட்டியைத் திறந்தாள். நூல்கண்டில் சாய்ந்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான ஆள், வலது கை ஒடிந்து கிடந்தான். அவள் தீக்குச்சியைச் சீவி வைத்துக் கட்டுப் போட்டாள். பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை பலகையின் மறுபக்கத்திலிருந்து வண்டித் தடங்கள் வந்தன. விமானத்தைச் சுற்றிப் பதினோரு ஜோடி பூட்ஸ் தடங்கள். மேஜைக்கடியில் கொசு இரைவதுபோல நாய்கள் குரைத்தன. அவர் மனைவியிடம் திரும்பினார். "கொடுத்துடலாம். நமக்கு எதுக்கு வம்பு?"

"கையை ஒடிச்சதும் நான், காட்டிக் கொடுக்கிறதும் நானா?" என்றாள் அவள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் படுக்கையறைக் கதவின் அடியோரத்தில் யாரோ தட்டினார்கள். அவள் குனிந்து, "இங்க யாரும் வரலைப்பா," என்றாள். பிறகு கதவில் வரிசையாக ஊசித்துளைகள் விழுந்தன. பின்னால் நின்றிருந்த கணவரின் குதிகாலில் மூன்று ஈயப் பொட்டுகள் ஏறின. இரண்டை இடுக்கியால் எடுத்தாள். மூன்றாவது உள்ளேயே தங்கி, அவரை விந்தி நடக்க வைத்தது. துளைகளை அவர் பல் மெழுகால் அடைத்தார்.

ஒன்பது வருடம் ஆயிற்று. மேஜைக்கடியில் கூடாரங்கள் பெருகித் தெருக்களாகிவிட்டன. அவற்றின் முள்வேலி வருடத்துக்கு ஒரு தரைக்கல் வீதம் படுக்கையறையை நெருங்குகிறது. விமானியின் கை கூடிவிட்டது, தலை நரைத்துவிட்டது. கணவனும் மனைவியும் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். கூடத்தில் காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்துத்தான் நடக்கிறார்கள். காற்றடித்தால் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். கூடாரத்தில் இருப்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்கிறாள். நாலு மணிக்குக் கதவடியில் தட்டுகிறார்கள். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் குனிந்து, யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மெழுகு டப்பாவை எடுக்கப் போகிறார்.