கை திருத்தம்

ஜெயிக்க வக்கில்லாத அணிகள் பத்திரமாக ஒளிந்துகொள்ள ஒரு சொல் இருக்கிறது: 'வளர்ப்பு'. தோற்றுத் தோற்று, ரசிகர்களே கோபப்படுவதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கூடைப்பந்து அணியின் நிர்வாகம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, 'இது இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் ஆண்டு' என்று அறிவித்தது. பேர் சொல்லும்படி ஆடுகிறவர்களையெல்லாம் அனுப்பிவிட்டோம், இனிமேல் தோற்றால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வளர்க்கிற வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. அணியின் இளசுகளுக்கான பயிற்சியாளர். தண்ணீர் குடிப்பதைக்கூடப் பலகையில் படம் போட்டு விளக்குகிறவர் என்பதால் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் அவரும் ஆடியவர்தான். அவர் பந்தெறிகிற அழகைப் படம் பிடித்துப் பயிற்சி முகாம்களில் போட்டுக் காட்டினார்கள். கை அழகுதான், பந்துதான் அவ்வளவாக உள்ளே போனதில்லை. ஆடிய காலத்தில் பாதியைப் பெஞ்சைத் தேய்த்தே கழித்தார்.

பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகும். மழை நாட்களில் தரையில் வாளிகள் வைத்திருப்பார்கள், பையன்கள் அவற்றைச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதையும் ஒரு பயிற்சி என்று வாத்தியார் பலகையில் எழுதினார் என்று கேலி செய்வார்கள். பொய்தான், ஆனால் அவர் எழுதக்கூடியவர்தான்.

அந்த ஆண்டு வந்த இளசுகளில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவன் தவக்களை. குள்ளம், ஆனால் காலில் சுருள்கம்பி வைத்துப் பிறந்தவன். இன்னொருவன் கொக்கு. கால் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டிய உயரம். கொக்கு வாத்தியாரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. அம்மா போனபின் அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. வாத்தியார் வீட்டின் சின்ன அறையில் கட்டிலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, அதில் காலை நீட்டித் தூங்குவான்.

கொக்கு பந்து போடுவதை முதல்முறை பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். பந்தை இடது காதுக்குப் பின்னால் கொண்டுபோய், முழங்கையைப் பக்கவாட்டில் கதவுப் பிடி மாதிரி நீட்டிக்கொண்டு, கொசு விரட்டுவதுபோல ஒரு வீசு வீசுவான். அது போய் உள்ளே விழும். மறுபடி வீசுவான், மறுபடியும் விழும். ஆள் தேர்வு நடந்த அன்று தலைமைப் பயிற்சியாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அவனை அங்கேயே அணியில் எடுத்துக்கொண்டார். வாத்தியார் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சிபாரிசு செய்யவில்லை.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? ஒருநாள் உடை மாற்றும் அறையில், அலமாரி வரிசைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் நிற்பது தெரியாமல், கேப்டன் எடுத்துவிட்டான்.

"மாமாவுக்கு ஒரு இடம், மச்சானுக்கு ஒரு இடம். இனிமே குடும்பத்தோட வந்து தோத்துட்டுப் போகலாம்."

அறையே சிரித்தது. வாத்தியாருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டார். மறுநாள் காலையே கொக்கைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், உன் கை கோணலா இருக்கு."

"விழுதே மாமா?"

"இங்க மாமா எல்லாம் கிடையாது. கோச்சுன்னு கூப்பிடு. இப்ப விழும். நாளைக்கு உன்னைவிட உயரமா ஒருத்தன் முன்னாடி நின்னான்னா, அந்த முழங்கையப் பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டுத் தட்டிடுவான். முழங்கை உள்ள வரணும், பந்து நெத்திக்கு மேல இருக்கணும். ஆரம்பத்துலேர்ந்து மாத்துவோம்."

சொன்னதில் தப்பே இல்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அதுதான் இருக்கும். ஆனால் போட்டிகள் நடக்கும்போது ஒருவனுடைய கையைத் திருத்தக்கூடாது என்பது, பந்து பொறுக்கிப் போடுகிறவனுக்கும் தெரிந்த விஷயம். அதை ஓய்வு மாதங்களில் செய்வார்கள், அதுவும் ஆயிரம் யோசனை செய்து. தலைமைப் பயிற்சியாளரே, "இப்பவா?" என்று கேட்டார். "வளர்ப்பு வருஷம்தானே சார்" என்று வாத்தியார் சிரித்துச் சமாளித்தார். மச்சான் என்று பார்க்காமல் வறுத்தெடுக்கிறார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, முழங்கை வெளியே போக வழியில்லாமல் போடச் சொன்னார். விலாவோடு சேர்த்துப் பட்டை கட்டினார். கண்ணாடி முன் நிற்கவைத்தார். கொக்கு எதற்கும் மூச்சு விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை அவன். வீட்டிலும் கட்டிலில் மல்லாந்து படுத்து, பந்தை நேராக மேலே போட்டுப் போட்டுப் பிடிப்பான். கை தவறிப் பந்து தரையில் விழுந்தால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு ஏறி வருவார். அக்கா வாசலில் நின்று, "தொழில் சார், தொழில்" என்று சமாதானம் சொல்லி அனுப்புவாள்.

இத்தனைக்கும் நடுவில் தவக்களையைக் கவனிக்க வாத்தியாருக்கு நேரமில்லை. அவனும் தப்புத் தப்பாகத்தான் ஆடினான். தவறான காலில் எம்பினான், தடுக்கும்போது பல்லைக் காட்டினான். அவனிடம் வாத்தியார் பேசியதெல்லாம், "என்னடா, சாப்பிட்டியா?" என்பதோடு சரி. அவன் பாட்டுக்கு ஆடினான். ஆட ஆட வளர்ந்தான்.

புதுக் கையோடு கொக்கு இறங்கிய முதல் ஆட்டத்தில், அவன் போட்ட பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. வளையத்தைத் தாங்கும் பலகையின் விளிம்பில் பட்டு வெளியே போனது. அரங்கம் ஒரு 'ஓ' போட்டது. கொக்கு வளையத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சில் இருந்த வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். அதன்பிறகு அதுவே பழக்கமாயிற்று. பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் தன் முழங்கையைக் குனிந்து பார்ப்பான். அந்த ஒரு கணம் போதும் எதிராளிக்கு.

ஓர் ஆட்டத்தில், நேரம் முடியப்போகிற அவசரத்தில், அவனை அறியாமல் பழைய கை வந்துவிட்டது. காதுக்குப் பின்னாலிருந்து ஒரு வீசு. வலை சரக்கென்றது. அரங்கம் எழுந்து நின்றது. தவக்களை ஓடிவந்து அவன் முதுகில் தொற்றிக்கொண்டான். சிரித்துக்கொண்டே பெஞ்சுக்கு வந்தவனை வாத்தியார் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அது ஆட்டம் இல்லடா, குருட்டு அதிர்ஷ்டம். இத்தனை நாள் உழைச்சதையெல்லாம் குப்பையில போடப் பாத்தியே!"

கொக்கின் முகம் செத்துப்போனது. வாத்தியார் செய்த அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த அவசரத்திலும் அவன் பழைய மாதிரி போடவே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி பேச்சை எடுத்தாள்.

"அவன் என்ன பண்றான்னு கவனிச்சீங்களா?"

"என்ன பண்றான்?"

"முன்னெல்லாம் வாசல்ல நின்னே காலுறையச் சுருட்டி அழுக்குக் கூடையில போடுவான். ஒண்ணு தப்பாது. நான் திட்டுவேன், அவன் சிரிப்பான். இப்ப கூடை வரைக்கும் நடந்து போய் வைக்கிறான்."

வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எல்லாம் சரியாயிடும்" என்றார். பையனின் கையைக் கெடுத்துவிட்டோம் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டிகள் முடிந்தன. அணி வழக்கம்போலக் கடைசி. மேலாளர் வாத்தியாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனிதர், கெட்ட செய்தியையும் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

"தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிட்டோம். அடுத்த வருஷம் அணி உங்க கையில. தவக்களையை நீங்க செதுக்கியிருக்கிற விதம் இருக்கே, நிர்வாகத்துல எல்லாருக்கும் அதான் பேச்சு."

தவக்களையிடம் தான் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்று வாத்தியார் சொல்லவில்லை. தேநீரைக் குடித்தார்.

"இன்னொண்ணு. உங்க மச்சான் விஷயம்." மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேராவே கேக்கறேன். வரும்போது நல்லா போட்டவன். இப்ப இப்படி ஆயிட்டான். குறை பையன்கிட்டயா, பயிற்சியிலயா? பயிற்சியிலதான்னா சொல்லுங்க, வேற ஒருத்தரை வெச்சு இன்னொரு வருஷம் பாக்கலாம். பையன்கிட்டதான்னா இன்னிக்கே அனுப்பிடலாம்."

உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. 'நான்தான் சார் கெடுத்தேன்.' அவ்வளவுதான், சொல்லிவிட்டால் பையன் பிழைத்துக்கொள்வான். ஆனால் அப்படிச் சொன்னால் மச்சானைக் காப்பாற்றப் பழியைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று சொல்ல மாட்டார்களா? கேப்டன் மறுபடி சிரிக்க மாட்டானா? வாத்தியார் மனசுக்குள் இப்படியெல்லாம் கணக்குப் போட்டார். சாக்கு நல்ல சாக்குதான். ஆனால், பையன்களின் கையைக் கெடுப்பவனுக்கு யாரும் அணியைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பையனுக்குக் கை படியல சார்" என்றார். "நான் பண்ணாதது பாக்கி இல்ல."

மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்தக்காரன்னு பாக்காம சொன்னீங்க பாருங்க. இந்த நேர்மைதான் இந்த அணிக்கு வேணும்."

வாத்தியார் வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு செய்தியும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. மனைவி கதவிலேயே நின்றாள்.

"உங்களைத் தலைமைப் பயிற்சியாளரா போட்டவங்க, உங்க பேச்சக் கேக்க மாட்டாங்களா?"

வாத்தியார் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்ந்த பிறகும் நிமிரவில்லை.

"அவனுக்காக ஒரு வார்த்தை பேசினீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"பேசினேன்" என்றார்.

உள்ளேயிருந்து கொக்கு வந்தான். நிலைவாசல் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டே வந்தான்.

"அக்கா, விடு. மாமா எவ்வளவு மன்றாடியிருப்பாரு! பந்து போடாதது நான். அவரு என்ன பண்ணுவாரு?" பிறகு கையை நீட்டினான். "வாழ்த்துக்கள் மாமா. நல்ல சேதி வந்த நாள, நானே கெடுத்துட்டேன்."

வாத்தியார் அந்தக் கையைப் பிடித்தார். அவர் ஆயுளில் அத்தனை கனமான கையைப் பிடித்ததில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "சாப்பிட்டியாடா?" என்றுதான் வந்தது.

வேறு ஊரில் ஒரு சின்ன அணி ஆள் எடுக்கிறார்களாம். அடுத்த வாரம் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். மறுநாள் காலை கொக்கு, குடியிருப்பின் பின்புறம் கார்கள் நிறுத்துகிற இடத்தில் இருந்த துருப்பிடித்த வளையத்தடியில் பந்தோடு நின்றான். வாத்தியார் கீழே இறங்கி வந்தார். மனைவிதான் அனுப்பினாள். "பழைய மாதிரி போடச் சொல்லுங்க. நீங்க வாய்விட்டுச் சொன்னாத்தான் அவன் கேப்பான்" என்றாள்.

"டேய்." வாத்தியார் வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க போய்... முன்ன போடுவியே, அந்த மாதிரியே போட்டுடு."

கொக்கு ஆச்சரியமாகப் பார்த்தான். "அது தப்பாச்சே மாமா?"

"பரவால்ல. போட்டுப் பாரு."

கொக்கு பந்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனான். அங்கே நிறுத்தி யோசித்தான். முழங்கை தானாக உள்ளே வந்தது, அவன் அதை வெளியே தள்ளினான், அது மறுபடி உள்ளே வந்தது. வீசினான். பந்து வளையத்துக்குக் கீழே, வெறும் காற்றில் போனது. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வீசினான். அது அதைவிட மோசம். மூன்றாவது முறை, கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் பந்தை இறக்கிவிட்டான்.

"வரல மாமா. எப்படிப் போடுவேன்னு மறந்துபோச்சு." சங்கடமாகச் சிரித்தான். "நீங்க சொல்லிக் குடுத்ததையே போடறேன். இன்னும் உழைச்சா வந்துடும்."

நேராக நின்றான். முழங்கையை உள்ளே கொண்டுவந்தான், பந்தை நெற்றிக்கு மேல் நிறுத்தினான். பலகையில் வரைந்து காட்டலாம், அவ்வளவு சுத்தம். வாத்தியார் வாழ்நாளெல்லாம் போட்ட அதே அழகு. பந்து வளையத்தின் முன் விளிம்பில் இடித்து, உருண்டு, ஏதோ ஒரு காருக்கு அடியில் போய் நின்றது.

கொக்கு அது எங்கே போனது என்று பார்க்கவில்லை. கையை இறக்காமல் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தான்.

"முழங்கை சரியா மாமா?"

"சரியா இருக்குடா" என்றார் வாத்தியார்.