வெயிட் பாத்து எடுத்த வீல்

எங்க வீட்டுக்காரருக்குக் கைதான் தராசு. பேரு ஆனந்தராஜ். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒண்ணுல பதினெட்டு வருஷமா சேல்ஸ்மேன். சேலையை மடிப்போட உள்ளங்கையில வாங்கி, லேசா ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடிப்பாரு. "எண்ணூறு கிராம்"ம்பாரு. மிஷின்ல வெச்சா எண்ணூத்திப் பத்து காட்டும். "கையில வெயிட் பாருங்கம்மா, அப்புறம் பேசுங்க"ன்னு வர்றவங்க கையில சேலையை வெக்கிறதுதான் அவர் வியாபாரம். எங்க ஊருல கனம் இருந்தா ஜரிகை இருக்குதுன்னு அர்த்தம், ஜரிகை இருந்தா நல்ல சரக்கு. அந்தக் கையை நம்பி என் சைக்கிளுக்கு வீல் வாங்க அனுப்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

என் பேரு ஜெயப்ரியா. கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க், வீடு செவிலிமேட்டுல. நாலு வருஷமா ரோடு சைக்கிள் ஓட்டறேன். வளைஞ்ச ஹேண்டில்பார், மெல்லிசு டயரு, அந்த வகை. விடியக்காலையில பாலாத்துப் பாலத்து மேல போனா டீக்கடையில நிக்கறவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க. பாத்தா பாத்துட்டுப் போகட்டும்.

போன வருஷம் எங்க சைக்கிள் குரூப்புல இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் வெச்சாங்க. காலையில ஆறு மணிக்குக் கிளம்பி, வந்தவாசிப் பக்கமெல்லாம் சுத்திட்டு, சாயந்தரம் ஏழரைக்குள்ள வந்து சேரணும். சேந்தா மெடல். நான் வந்தது ஏழு நாப்பத்தொண்ணு. பதினோரு நிமிஷம் லேட்டு. வந்து சேர்றவங்க பேரைக் குறிக்கிற மேசையைக்கூட மடிச்சிட்டாங்க. "பரவால்ல மேடம், உங்களுக்கு இதுவே பெருசு"ன்னு ஒருத்தர் சொன்னாரு. அந்த 'உங்களுக்கு' இன்னும் காதுல எரியுது. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளிய கேக்காம அழுதேன்.

இந்த வருஷம் முடிச்சே ஆகணும். அந்தப் பதினோரு நிமிஷம் வீல்லதான் போச்சுன்னு நானே முடிவு கட்டிட்டேன். சைக்கிள் கடை விமல்ராஜ் ரெண்டு செட்டு காட்டுனான். ஒண்ணு தட்டை ரிம்மு, தூக்குனா கையில இருக்கறதே தெரியாது. இன்னொண்ணு கறுப்பு, ரிம்மு மூணு விரக்கடை ஆழம், கம்பி அதிகம், நல்ல கனம். ஒரு வாரம் வீடியோவா பாத்துத் தள்ளுனேன். "லேசானதையே எடுத்து வெய்யிப்பா, செவ்வாக்கெழமை அவருக்கு லீவு, வந்து வாங்கிக்குவாரு"ன்னு சொல்லிட்டேன்.

செவ்வாக்கெழமை ஆபீஸ் விட்டு வந்தா, ஹால்ல கறுப்பு வீலு ரெண்டும் குங்குமப் பொட்டோட சாஞ்சிக்கினு இருக்குது.

"என்னாங்க இது?"

"வீலும்மா."

"நான் சொன்னது இது இல்லையே!"

"தெரியும். ரெண்டையும் கையில வாங்கிப் பாத்தேன். நீ சொன்னதுல ஒண்ணுமே இல்ல, காத்து மாதிரி இருக்குது. இதான் சரக்கு. கையில வெயிட் பாரு."

கோவம் வந்தா எனக்கு 'நீங்க' எல்லாம் 'நீ' ஆயிடும். "இது என்னா முகூர்த்தப் புடவையா? சைக்கிளுக்கு வெயிட் குறைஞ்சாதான்யா நல்லது! நாந்தானே மிதிக்கணும், நீயா வந்து மிதிக்கப் போற?" பத்தாவது படிக்கிற எங்க பொண்ணு துளசி புக்கைத் தூக்கிக்கினு உள்ள ஓடிட்டா.

அவர் வீலையே பாத்துக்கினு நின்னாரு. "கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன். தீபாவளின்னாலும் பொங்கல்னாலும், கடையில இருக்கறதுலயே எது லேசோ அதைத்தான் எடுப்ப. 'எனக்கு இது போதுங்க'ம்ப. ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் கனம் கனமா எடுத்துக் குடுத்துக்கினு இருக்கறேன். இதுலயும் போதும்னு வந்துட்டியோன்னு நெனச்சிட்டேம்மா."

சாஞ்சிக்கினு இருந்த வீலை நகத்தி, செவுத்தோரமா வெச்சேன். அதுக்காகக் கோவம் போயிடுச்சான்னா, அதுவும் இல்ல.

மறுநாள் ரெண்டு பேருமே வீலைத் தூக்கிக்கினு கடைக்குப் போனோம். லேசு செட்டு இன்னும் மாட்டியே இருந்துச்சு.

"மாத்திக் குடுத்துடறேன்க்கா"ன்னான் விமல்ராஜ். "ஆனா நீங்க ஓட்டறது பூரா தட்டை ரோடு. மலை ஏறுனாதான் வெயிட்டு பேசும். இங்க இந்த ஆழமான ரிம்மு காத்துல நல்லாவே போகும், நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கும் தாங்கும். பாலத்துல சைடு காத்து அடிச்சாதான் கொஞ்சம் ஆட்டும். எதை எடுத்தாலும் ரெண்டு மூணு நிமிஷம் மிச்சமாகும், அவ்ளோதான்."

"அப்ப என் பதினோரு நிமிஷம் எங்கப்பா போச்சு?"

என் போனை வாங்கி, போன வருஷம் ஓட்டுன கணக்கு அதுல பதிவாகி இருந்ததைத் திறந்தான். "மெதுவால்லாம் ஓட்டலக்கா. நின்னுருக்கீங்க. பாருங்க, இங்க ஒம்பது நிமிஷம், இங்க பதிமூணு, இங்க பதினாறு. டீ சாப்ட்டீங்களா?"

டீ இல்ல. மூணு எடமும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. மொதல்ல, மோட்டார் போட்டா தண்ணி ஏறலன்னு போன். அடுத்து, கேஸ் புக்கு எங்கன்னு போன். மூணாவது, துளசியோட ரெக்கார்டு நோட்டு. புளியமரத்து நெழல்ல சைக்கிளைச் சாச்சிட்டு, "பீரோவுக்கு மேலங்க, இல்லைங்க, இடது பக்கம்"னு கத்திக்கினு நின்னேன்.

அவர், போன்ல இருந்த அந்த மூணு புள்ளியைத்தான் பாத்துக்கினு இருந்தாரு.

"மூணும் நாந்தான்"னாரு.

விமல்ராஜ் சட்டுனு திரும்பிக்கினு, சுத்தமா இருந்த ஒரு செயினை எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சிட்டான். நான் கறுப்பு வீலை ஒரு கையால தூக்கிப் பாத்தேன். "இதையே மாட்டுப்பா"ன்னேன்.

தை மாசம், ஓட்டம் வெச்ச ஞாயித்துக்கெழமை. காலையில அவர் "பாத்துப் போம்மா"ன்னதோட சரி. பத்து மணி ஆச்சு, போன் அடிக்கல. மதியம் ஆச்சு, அடிக்கல. நூத்தி இருபது கிலோமீட்டர் தாண்டியாச்சு, அப்பவும் அடிக்கல. வீட்டுல என்னாச்சோ, ஏதாச்சோ? மூணு தடவை கை, சட்டை முதுகுப் பாக்கெட்டுல இருந்த போனுக்குப் போச்சு. மூணு தடவையும் இழுத்துக்கினேன். மோர் வாங்கிக் குடிச்சதும் மறுபடி ஏறிட்டேன். பாலத்துல விமல்ராஜ் சொன்ன மாதிரியே காத்து வீலைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுச்சு. சனியனே, நேராப் போன்னு திட்டிக்கினே மிதிச்சேன்.

ஏழு இருபத்தி ரெண்டு. மேசை மடிக்காம இருந்துச்சு. மெடலைக் கழுத்துல போட்டாங்க.

அவரும் துளசியும் ஓரமா நின்னுக்கினு இருந்தாங்க. அவர் சட்டை தோள் வரைக்கும் ஈரம், கட்டை விரல்ல துணிக்கட்டு.

"ஐயோ, என்னாங்க ஆச்சு?"

துளசிதான் சொன்னா. "காலையில டேங்க் பைப்பு புட்டுக்கிச்சும்மா. வீடெல்லாம் தண்ணி. பிளம்பர் நம்பரு உன்கிட்டதான் இருக்குது, கூப்புடலாம்னேன். அப்பா என் போனையும் அவர் போனையும் அரிசி டிரம்முல போட்டு மூடிட்டாரு. பைப்பு வெரலைக் கிழிச்சும் விடாம வேட்டியை அடைச்சிப் புடிச்சிக்கினு, தெருத்தெருவா என்னை அனுப்பி, நாலு மணிக்குதான் ஒரு பிளம்பர் கெடைச்சாரு. வேலை முடியவே ஏழாச்சு, அப்படியே ஓடி வந்தோம்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க!"

"பண்ணியிருந்தா மேசையை மடிச்சிருப்பாங்க"ன்னாரு.

அப்புறம் என் கழுத்துல இருந்து மெடலைக் கழட்டி, உள்ளங்கையில வாங்கி, லேசா தூக்கிப் போட்டுப் பிடிச்சாரு. "இதென்னம்மா, ஒண்ணுமே இல்ல. காத்து மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இந்தத் தடவை குழாயெல்லாம் திறக்கல. அத்தனை பேரும் பாக்க, அங்கயே நின்னு அழுதேன்.