காலிப்பருக்குப் படகுப் பெயிண்ட்

“துருவச் சொரண்டாம மேலாக்க அடிச்சா அது எத்தன நாளைக்குங்க நிக்கும்…”

“நீ சும்மா இரு புள்ள, எனக்குத் தெரியும்…”

“என்ன தெரியும்? எங்கய்யா போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னா மொதல்ல சொரண்டிக்கிட்டே கெடப்பாரு. சோத்துக்குக் கூட எந்திரிக்க மாட்டாரு.”

“போட்டு வேற, காரு வேற. வருசம் பூராக் கடல்ல கெடக்குற போட்டையே தாங்குது இந்தப் பெயிண்ட். ஒரு சக்கரத்துச் சூட்டத் தாங்காதா?”

“இப்பத்தான போட்டு வேற, காரு வேறன்னீங்க.”

சார்லஸ் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான். மீமிசலில் அவர்கள் வீட்டு வாசலில் கார் ஜாக்கியின் மேல் ஒருக்களித்து நின்றது. கழற்றிய இடது முன்சக்கரம் பக்கத்தில் கிடந்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் தட்டை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடிதான் காலிப்பர். கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறதே, அது விடுமா? நான்கு சக்கரத்திலும் காலிப்பர் செதில் செதிலாக உரிந்து, கருவாட்டுத் தோல் மாதிரி ஆகிப் போயிருந்தது. மறுநாள் காலையில் வண்டியைப் பார்க்க ஆவுடையார்கோவிலிலிருந்து ஆள் வருகிறார். இதை விற்றுவிட்டு மீன் ஏற்ற ஒரு லோடு ஆட்டோ எடுக்க வேண்டும் என்பது சார்லஸின் நெடுநாள் ஆசை.

அறந்தாங்கி மெக்கானிக் ஜஸ்டின் போன வாரமே வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தான். “சூடு தாங்குற பெயிண்ட் தனியா வருதுண்ணே. கம்பி பிரஷ்ஷப் போட்டுத் துருவ எடுத்து, எண்ணெப் பிசுக்கில்லாமக் கழுவி, மெலிசா ரெண்டு மூணு தடவ அடிச்சா நிக்கும். இல்லயா, கழட்டிக் குடுங்க. ரப்பர எல்லாம் எடுத்துட்டு, பவுடர் கோட்டிங் பண்ணி அடுப்புல சுட்டுத் தருவாங்க. ஒங்க ஊரு உப்புக் காத்துக்கு அதுதான் வருசக் கணக்கா வரும். எதச் செஞ்சாலும் மொதல்ல எடது பக்கம் சீல்ங்கிற ரப்பர் வளையத்த மாத்தணும். பிரேக் ஆயில் கசியிது. கசியிற எடத்துல எந்தப் பெயிண்ட்டும் நிக்காது, ஆயிலு அதத் தின்னுரும்.”

சார்லஸின் காதில் பெயிண்ட் மட்டும் விழுந்தது. அதிலும் எந்தப் பெயிண்ட் என்பது விழவில்லை. கொல்லையில் மைத்துனன் படகுக்கு வாங்கி மிச்சம் வைத்த சிவப்பு டப்பா இருந்தது. சிவப்புக் காலிப்பர் என்றால் பெரிய பெரிய காரில் வருவது, பார்க்கிறவன் மயங்கிப் போவான் என்று கணக்குப் போட்டான்.

“வண்டி வாங்க வர்றவருகிட்டக் கசியிறதச் சொல்லிட்டீங்களா?” என்றாள் அவன் மனைவி ஷர்லி.

“அவரு கேக்கல.”

“கேக்கலன்னா?”

“வாங்குறவன்தான் கேக்கணும். விக்கிறவன் மைக்கு கட்டியா சொல்லுவான்?”

“நம்ம மீனு விக்கையில செவுளத் தூக்கிக் காட்டித்தான விக்கிறோம். செவுளுக்குச் சாயம் பூசி வித்தவனப் போன வருசம் ஏலக்கூடத்துல அடிக்கப் போனது யாரு? நீங்கதான.”

“அது திங்கிற பொருளு.”

“இது மட்டும்? உசுரு ஏறிப் போற பொருளு.”

சார்லஸ் காலிப்பரின் அடியில் இன்னொரு கை சேர்த்துப் பூசினான்.

மறுநாள் ஆத்மநாதன் வந்தார். கூட மருமகள் இளமதி. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இளமதி ஆசிரியை. சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு தினமும் பஸ்ஸுக்கு அல்லாடுகிறாள் என்றுதான் கார்.

“பாத்தியாத்தா, சக்கரத்துக்குள்ளயெல்லாம் செவப்பு அடிச்சு ரேஸு வண்டியாட்டம் வச்சிருக்காரு தம்பி. சக்கரமே இப்பிடின்னா இஞ்சினு எப்பிடி இருக்கும்?” என்றார் ஆத்மநாதன். சார்லஸ் சிரித்துவைத்தான். வாசற்படியில் நின்ற ஷர்லி சிரிக்கவில்லை.

ஆவுடையார்கோவில் வரை ஓட்டிப் பார்ப்பது, பிடித்திருந்தால் கோயில் வாசலிலேயே எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துக்கொள்வது என்று பேச்சு. இளமதி ஓட்டினாள். மாமனார் பக்கத்தில். சார்லஸ் பின்னால்.

வழியில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. இளமதி மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. ஆடு தப்பியது அதன் காலால்.

“என்னண்ணே, பெடல் அடிவரைக்கும் போகுது?”

“புதுக் கையில்லயா, அப்பிடித்தான் தெரியும். பழகிரும்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏதோ கருகுற வாட வருதே,” என்றார் ஆத்மநாதன்.

“புதுப் பெயிண்ட்டுண்ணே.”

“அதான பாத்தேன்.”

இப்படித்தான். ஏமாற்ற வந்தவன் பாதி வேலை செய்தால் போதும், மீதியை நம்புகிறவரே செய்து கொடுத்துவிடுகிறார். அதற்கப்புறம் இளமதி ஒவ்வொரு வளைவிலும் காலை முன்கூட்டியே பிரேக்கில் வைத்துக்கொண்டு வந்ததைச் சார்லஸ் பின்னால் இருந்து பார்த்தான். ‘நாளைக்கு இந்த இடத்தில், என் இடத்தில், இவளோட சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்’ என்று தோன்றியது. தோன்றியதைத் தள்ளினான். அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். ஆத்மநாதன் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். “எனக்குப் பிடிச்சிருக்குத் தம்பி. மீமிசல்காரங்க பேச்சு சுத்தம்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. இந்தாத்தா, நீயே வையி,” என்று ஒன்றை மருமகளிடம் கொடுத்தார்.

இடது முன்சக்கரத்தடியில் பழத்தை வைக்கக் குனிந்த இளமதி அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள்.

“மாமா, இங்க பாருங்க. நம்ம இன்னும் ஒண்ணுமே சுத்தல, அதுக்குள்ள வண்டியே ஆரத்தி கரைச்சு ஊத்துது.”

சக்கரத்துக்குக் கீழே தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. பார்க்கும்போதே இன்னொன்று. காலிப்பரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடிப்பக்கம் கூழாகக் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ஜஸ்டின் சொன்னபடியே ஆயில் அதைத் தின்றிருந்தது. இளமதி தொட்டுப் பார்த்தாள். விரலில் சிவப்பும் துருவும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டின.

ஆத்மநாதனும் எட்டிப் பார்த்தார். “பெயிண்ட்டு காயலபோல. நேத்துத்தான அடிச்சிருக்காரு, வெயில்ல நின்னாக் காஞ்சிரும். அப்பிடித்தான தம்பி?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். சார்லஸ் இளமதியின் விரலைப் பார்த்தான். அவள் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சாயம் ஒட்டிய தன் விரல் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்தது இதே கைதான்.

“அந்தப் பழத்த வைக்காதத்தா,” என்றான். “சாவியக் குடு. இந்த வண்டி இனி ஒரு அடி நகரக் கூடாது. மெக்கானிக் ஜஸ்டின இங்கயே வரச் சொல்றேன்.”

“என்ன தம்பி, வெலைல ஏதும் மனக்கொறையா?”

“வெலையில்லண்ணே, கொறை எங்கிட்டத்தான். பெயிண்ட்டு காயாம இல்ல. உள்ள சீல் போயி பிரேக் ஆயில் ஒழுகுது. அது ஒங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் போட்டுப் பெயிண்ட்ட எடுத்து அப்புனேன். பெடல் அடிவரைக்கும் போச்சே, அதுவும் அதனாலதான். பழகிரும்னு நாஞ் சொன்னது பொய்.”

ஆத்மநாதன் கையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளமதி விரலைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“துருவச் சொரண்டிட்டு அடிச்சாத்தான் அது பூச்சு. துருவுக்கு மேல அடிச்சா அது வாங்குறவன் கண்ணக் கட்டுறது. கொறைய மூடி விக்கிறவன் பொருள விக்கலண்ணே, அடுத்தவன் வீட்டுப் புள்ள உசுர விக்கிறான். சீல மாத்தி, துருவெடுத்து, பவுடர் கோட்டிங் பண்ணி, சக்கரத்தக் கழட்டிக் காட்டிட்டுத்தான் மாட்டுவேன். அப்ப ஒங்க வாசல்ல வந்து நின்னா, எம் பேச்ச நம்புவீங்களாண்ணே?”