உதயகலாவுக்கு எதிரான ஆட்சேபனை

கிராம சேவகரான விதானையாரின் கந்தோர் அறிவித்தல் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று உதயகலா சந்தோஷமாக இருந்தது மொத்தம் நாற்பது நிமிஷம். நலன்புரிக் கொடுப்பனவுக்குத் தெரிவான குடும்பங்கள் அதில் மூன்று பிரிவாக இருந்தன. 'மிகவும் வறியோர்' என்ற முதலாம் பிரிவில், பதினான்காம் இலக்கத்தில் அவள் பெயர். அவள் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போகிறவள். மேசன் வேலை செய்த புருஷன் நடராசா, கட்டி முடியாத மேல்வீடு ஒன்றிலிருந்து விழுந்து, காலுக்குள் தகடு வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர். அப்படியான வீட்டுக்கு மாதம் தவறாமல் வங்கியில் காசு விழுவதென்றால் சும்மாவா? பண்டத்தரிப்புச் சந்தியால் திரும்பி வரும்போது கால் கிலோ சீனி கூடுதலாகவே வாங்கினாள்.

நாற்பதாவது நிமிஷத்தில் தயாளினி போன் எடுத்தாள். தயாளினி அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை, கொக்குவிலில் குடியிருக்கிறவள். உதயகலாவின் மகள் தனுஷாவுக்கு அங்கே ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருப்பவளும் அவள்தான்.

"அக்கா, பலகையிலை உங்கடை பேர் இருக்கோ?"

"ஓம் பிள்ளை, முதலாம் பிரிவிலையே போட்டிருக்கு," என்றாள் உதயகலா, சோதனையில் பாஸ் பண்ணிய பெருமையோடு.

"ஐயோ அக்கா, தம்பிராசா அண்ணை பலகை பாக்கிற ஆளெல்லோ!"

தம்பிராசா மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளை செந்தூரனுக்கு லிப்ற் பூட்டுகிற கம்பனியில் வேலை. யாழ்ப்பாணத்தில் மாடிகள் ஏற ஏற அவனுக்குச் சம்பளமும் ஏறிக்கொண்டிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மாவுக்குப் படத்தைப் பார்த்தவுடனேயே பெண்ணைப் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது விசாரணை ஒன்றுதான். அதைத்தான் தம்பிராசா பாரம் எடுத்திருந்தார்.

மற்றவர்கள் என்றால் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து, கடைக்காரனிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவார்கள். தம்பிராசாவுக்கு அது விசாரணை இல்லை, வம்பு. அவர் அரசாங்கத்தின் புள்ளிவிபரப் பகுதியில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். சொந்தத்துக்குள் எந்த ஊரிலிருந்து சம்பந்தம் வந்தாலும், முதலில் அந்த ஊரை மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு நிரைப்படுத்துவார். ஓட்டு வீடு எத்தனை, மேல்வீடு எத்தனை, பூட்டிக் கிடக்கிற வெளிநாட்டுக்காரர் வீடு எத்தனை, கேற்றுகளின் உயரம் என்ன என்று அவரிடம் அட்டவணை இருந்தது. நல்லூர்ப் பக்கத்துக்கு ஒரு தாள், தென்மராட்சிக்கு ஒரு தாள், வலிகாமத்துக்கு மூன்று தாள். ஊரின் சராசரியை எடுத்த பிறகு, பெண் வீடு அதற்கு மேலா கீழா என்று பார்ப்பார். அரசாங்கம் ஏழைகளின் பெயரைப் பகிரங்கமாகப் பலகையில் ஒட்டத் தொடங்கியதிலிருந்து அவருடைய வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்காக அரசாங்கத்தில் அவருக்கு ஒரு மரியாதையும் உண்டு.

"இப்ப ஒட்டினது இடைக்காலப் பட்டியல்தானே. ஆட்சேபனையெல்லாம் முடிஞ்சு முடிவான பட்டியல் வந்தால்தான் அவர் கணக்கெடுப்பார்," என்றாள் தயாளினி.

பலகையில் பேர் இருந்தால் சம்பந்தம் தவறும் என்று யாரும் சொல்லவில்லை. தயாளினி சொல்லவில்லை, இரத்தினம்மா சொல்லவில்லை, தம்பிராசாவும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் சொல்லவா வேண்டும்! உதயகலா தானாகவே அந்த முடிவுக்கு வந்து, கால் கிலோ சீனியையும் திறக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

தனுஷாவுக்கு இருபத்தெட்டு. சுன்னாகத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நோயாளிகளுக்கு நம்பர்த் துண்டு எழுதுகிற வேலை. செந்தூரன் இரண்டு தரம் போன் எடுத்துக் கதைத்திருந்தான். இரண்டாம் தரம் போனை வைத்துவிட்டு அவள் தனியே நின்று சிரித்ததை உதயகலா குசினி அடுப்படியில் இருந்து கண்டாள். முன்னம் பார்த்த நாலு இடங்களும் தவறிப்போன பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் சிரித்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காகப் பட்டியலிலிருந்து என்ன, வாக்காளர் இடாப்பிலிருந்தே தன் பெயரை வெட்டிக் கொடுக்க அவள் தயாராக இருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் கந்தோருக்குப் போனாள். சுபாஸ் என்ற இளம் உத்தியோகத்தன் இருந்தான். அவனிடம் இரண்டு விதமான படிவங்கள். 'நான் இதைவிட ஏழை' என்று சொல்ல வருகிறவர்களுக்கு மேன்முறையீட்டுப் படிவம். 'உவர் அவ்வளவு ஏழை இல்லை' என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஆட்சேபனைப் படிவம். முதலாவதுக்குக் காலையிலிருந்து வரிசை நிற்கும். இரண்டாவதுக்கு வருகிறவர்கள் சனம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள்.

"ஆட்சேபனை ஒண்டு குடுக்கவேணும்," என்றாள்.

"ஆருக்கு எதிரா?"

"முதலாம் பிரிவு, பதினாலாம் இலக்கம்."

சுபாஸ் பட்டியலைப் பார்த்தான். பிறகு அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான்.

"அக்கா, இது நீங்களெல்லோ?"

"ஓம்."

"உங்களுக்கு எதிரா நீங்களே குடுக்கப் போறியளோ?"

"ஏன் தம்பி, ஏலாதோ?"

அவன் சுற்றறிக்கையை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தான். ஏலாது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

"காசு வேண்டாமெண்டால் விலகிறன் எண்டு ஒரு கடிதம் தாங்கோவன். லேசான வேலை."

"அப்பிடி விலகினால் பலகையிலை என்ன வரும்?"

"'சுயவிருப்பில் விலகியோர்' எண்டு போட்டு, அதுக்குக் கீழை பேர் வரும்."

"பேரே வரக்கூடாது தம்பி," என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளைக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு," என்றாள்.

சுபாஸின் வீட்டில் கலியாணம் ஆகாத அக்காமார் இரண்டு பேர். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னான்.

"ஆட்சேபனை செய்தது ஆரெண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். பயப்பிடாதேங்கோ."

ஒரு கிழமை கழித்து அவன் கள விசாரணைக்கு வந்தான். படலையில் நின்றபடியே, "உங்களுக்கு எதிரா ஆரோ ஆட்சேபனை குடுத்திருக்கினம்," என்றான். "ஆரெண்டு சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை."

"பறவாயில்லை தம்பி, உள்ளுக்கு வாங்கோ," என்றாள் உதயகலா.

விறாந்தையில் பிரிட்ஜ் ஒன்று நின்றது. காலையில் பக்கத்து வீட்டுக் கஜீபனும் தம்பியும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது. பிளக் எட்டாதபடியால் வயரைச் சுருட்டி அதன் தலையில் வைத்திருந்தார்கள். முற்றத்தில் கஜீபனின் மோட்டச்சைக்கிள். உதயகலாவின் இரண்டு கையிலும் நாலு நாலு காப்பு, எல்லாம் சந்திக் கடையில் வாங்கிய கவரிங். மூன்று மாதத்துக்கு முன்னம் கணக்கெடுக்க வந்து, இதே விறாந்தையில் கால் உடைந்த கதிரையில் பக்குவமாக இருந்துவிட்டுப் போனவன் சுபாஸ். ஆனால் படிவத்தில் இருந்த கேள்வி 'குளிர்சாதனப் பெட்டி உண்டா?' என்பது மட்டும்தான். அது யாருடையது, வேலை செய்யுமா என்றெல்லாம் அரசாங்கம் கேட்கவில்லை. அவன் 'உண்டு' என்று எழுதினான்.

"ஐயா, உங்கடை வருமானம்?" என்று நடராசாவைக் கேட்டான்.

நடராசா பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"கொந்தறாத்து எடுத்துக் கட்டடம் கட்டிக் குடுக்கிறன்," என்றார்.

"வேலைக்கு எத்தினை பேர் நிக்கினம்?"

"ஆறு பேர்."

சுபாஸ் ஆறு என்று எழுதினான். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போது உதயகலாவைப் படலையடிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இனி மாசக் காசு வராது. திரும்ப விண்ணப்பிக்க எப்பிடியும் இரண்டு வருஷம் செல்லும். யோசிச்சுத்தானே செய்யிறியள்?"

"ஓம் தம்பி."

அவள் திரும்பி வந்தபோது நடராசா அந்த இடத்திலேயே இருந்தார்.

"ஆறு பேர் எண்டு சொல்லேக்கை எனக்கு நல்லாத்தான் இருந்தது," என்றார்.

உதயகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. பிரிட்ஜைக் கொண்டுபோகக் கஜீபன் வந்து நின்றபடியால் அழவும் வசதிப்படவில்லை.

முடிவான பட்டியல் ஒட்டிய அன்று, தன்னுடைய பெயர் இல்லாததைப் பார்ப்பதற்கென்றே போய், மூன்று பிரிவையும் மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தாள். பதினான்காம் இலக்கத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இருக்கக்கூடாதே என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிராசாவும் இரத்தினம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தம்பிராசாவின் கையில் பைல் ஒன்று. இரத்தினம்மா தனுஷாவைப் பக்கத்தில் இருத்தி, கன்னத்தைத் தடவி, "படத்தைவிட நேரிலை வடிவு," என்றாள். மனதில் பட்டதை அப்படியே சொல்கிற மனுஷி என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. தனுஷா தேத்தண்ணி போட உள்ளே எழும்பிப் போனதும், தம்பிராசா பைலைத் திறந்தார்.

"நான் மனுசர் சொல்லுறதை நம்பிற ஆளில்லை. குறை நினைக்கக்கூடாது. என்ரை உத்தியோகம் அப்பிடி," என்று தொடங்கினார். "உங்கடை பக்கத்தை எங்கடை நல்லூர்ப் பக்கத்தோடை ஒப்பிட்டால் சராசரி கொஞ்சம் குறைவுதான். ஆனால் சராசரி வேறை, வீடு வேறை. இடைக்காலப் பட்டியல் ஒட்டின அண்டும் நான் வந்து பாத்தனான். பதினாலாம் இலக்கத்திலை உங்கடை பேர் இருந்தது."

உதயகலா இரத்தினம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"முடிவான பட்டியலிலை பேர் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாக்கேக்கைதான் விசயம் விளங்குது. ஆரோ ஆட்சேபனை குடுத்திருக்கினம். அதிகாரி நேரை வந்து பாத்து நீக்கியிருக்கிறார். இதைவிட உறுதியான அத்தாட்சி வேறை இல்லை. அதோடை, அயலட்டை எரிச்சல்படுகுதெண்டால் எரிச்சல்பட உங்களிட்டை ஏதோ இருக்கவேணுமே." தன்னுடைய முடிவில் அவருக்கே ஒரு சந்தோஷம் தெரிந்தது. "அக்கா முதலிலை என்ன சொன்னவ தெரியுமோ?"

"இவையின்ரை பேர் பலகையிலை கிடக்கு எண்டு தம்பி வந்து சொன்னவன்," என்றாள் இரத்தினம்மா. "பாவங்கள், ஒண்டும் கேக்கவேண்டாம், பிள்ளையைக் கட்டின சீலையோடை கூட்டிக்கொண்டு வருவம், கலியாணச் செலவையும் நாங்களே பாப்பம் எண்டுதான் நான் இருந்தனான்."

"அது அப்ப," என்றார் தம்பிராசா. "இருக்கிற இடத்திலை கேக்காமல் செய்தால், பெடியனிலை ஏதோ குறையாக்கும் எண்டு சனம் கதைக்கும். வளவு, வீடு ஒண்டும் நாங்கள் கேக்கேல்லை. இருபது லட்சம். உங்கடை நிலைக்கு இது நியாயமான கணக்கு."

உள்ளே தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது.

உதயகலா எழும்பி நின்றாள். எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதென்று தனக்கு எதிராகத் தானே கையெழுத்து வைத்தாளோ, பிரிட்ஜை இரவல் வாங்கினாளோ, புருஷனைப் பொய் சொல்ல வைத்தாளோ, மாதக் காசையும் விட்டாளோ, அந்தச் சொல்லை வந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"எங்களிட்டை ஒண்டும் இல்லை. நாங்கள் மெய்யாவே ஏழையள். அந்த ஆட்சேபனையைக் குடுத்தது நான்தான்."

தம்பிராசா கோபிக்கவில்லை. இப்படி எத்தனை வீட்டைக் கண்டவர் என்ற மாதிரி சிரித்தார்.

"தங்களுக்கு எதிரா ஆரும் ஆட்சேபனை குடுப்பினமோ? காசு எண்டு வந்தால் எல்லா ஊரிலையும் இதைத்தான் சொல்லுறவை. சரி, பதினெட்டு."

"அண்ணை, சத்தியமா எங்களிட்டை ஒண்டும் இல்லை!" உதயகலா பெரிதாக அழத் தொடங்கினாள்.

இரத்தினம்மாவுக்கு மனம் தாங்கவில்லை. எழும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதையுங்கோ சம்பந்தி, அழாதையுங்கோ," என்றவள், தம்பியின் பக்கம் திரும்பினாள். "போதும், பதினைஞ்சு எண்டு போடு."

தம்பிராசா பதினைந்து என்று எழுதினார்.